கரகரப்புக்கு ஒரு சிபாரிசு

அன்புள்ள முரளி,

பொங்கலுக்கு நீ அனுப்பிய குரல் பதிவுக்குக் கட்டைவிரலை மட்டும் காட்டிவிட்டு இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன். திட்டிக்கொள். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் புகுந்து பேச விடமாட்டாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார்.

குசலம் முதலில். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சீரியலில் வருகிற முகமெல்லாம் இப்போது துல்லியமாகத் தெரிகிறதாம், அதனால் அவர்கள் மேல் கோபமும் கூடியிருக்கிறது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய் இல்லை. திவ்யா பெங்களூரில் வேலை மாறிவிட்டாள். அவ்வளவுதான்.

இனி விஷயம். திவ்யா போன தடவை வந்தபோது ஒரு நல்ல ஹெட்போனை வாங்கிக் கொடுத்து, பாட்டுக் கேட்கும் செயலிக்குச் சந்தாவும் கட்டிவிட்டுப் போனாள். முதல் வேலையாக நம் அமெரிக்கப் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கைத் தேடினேன். பாய் கடையில் நாம் பதிவு செய்த டிடிகே தொண்ணூறு கேசட்டில் பி பக்கத்துக் கடைசிப் பாட்டு, 'டாக் ஆஃப் தி பே', ஞாபகம் இருக்கிறதா? விசில் ஆரம்பிக்கும்போது டேப் தீர்ந்துபோய் டக்கென்று நிற்குமே, அதுதான். அந்த விசிலை முழுசாக இப்போதுதான் கேட்டேன்.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பாட்டு தேய்ந்து முடிகிற இடத்தில் வாயில் வந்ததைப் பேசிப் பாடுவது ரெட்டிங்கின் வழக்கம். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை, விசிலடித்துவிட்டார் என்று கூட இருந்து கிட்டார் வாசித்த ஸ்டீவ் க்ராப்பர் சொல்லியிருக்கிறார். சில நாளில், 1967 டிசம்பர் 10 அன்று, விஸ்கான்சினில் ரெட்டிங் போன விமானம் ஏரியில் விழுந்தது. வயது 26. திரும்பப் பாட ஆள் இல்லை. அலை ஓசையையும் கடற்பறவைச் சத்தத்தையும் க்ராப்பர் சேர்த்து முடித்தார். இடத்தை அடைக்க அடித்த விசில் அப்படியே நின்றுவிட்டது. மறு வருடம் அமெரிக்காவில் முதலிடம். இறந்த பாடகரின் பாட்டு அங்கே முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து ஒன்றைத் தொட்டு ஒன்றாக அவர் பாட்டுப் பதிவு செய்த மெம்ஃபிஸ் நகரத்துக்குள் போய்விட்டேன், இன்னும் வெளியே வரவில்லை. ரெட்டிங் பாடிய ரெக்கார்டு கம்பெனி ஸ்டாக்ஸ் இல்லையா, அந்த ஸ்டாக்ஸுக்குப் பாட்டுப் போட்டவர்கள் தாங்களே பாடிவைத்த டெமோக்கள் மட்டும் 'ரிட்டன் இன் தெயர் சோல்' என்ற பெயரில் ஏழு தட்டுகளாக 2023ல் வந்திருக்கின்றன. 146 பாட்டு. அதில் 140 அதற்கு முன் வெளியே வந்ததே இல்லை. ஷெரில் பவெல்ஸ்கி என்ற தயாரிப்பாளர் இதற்காகப் பதினைந்து வருடத்துக்கு மேல் டேப் டேப்பாகக் கேட்டிருக்கிறார். 2024ல் கிராமி விருதும் வாங்கியது. நமக்குத்தான் இப்போது தெரிகிறது, சரி.

டெமோ என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துணிக்கடையில் தோள்மேல் போட்டுக் காட்டுகிற முந்தானை மாதிரி. பாடகருக்கும் தயாரிப்பாளருக்கும் காட்டி, பிடித்தால் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியது. வேலை முடிந்தால் டேப் மூலைக்குப் போய்விடும். நீயும் நானும் கேட்பதற்காக யாரும் பாடியதில்லை. பலதில் ஒரு கிட்டாரோ பியானோவோதான் துணை. டேப் சீறுகிறது.

இங்கேதான் நீ ஹெட்போனைக் கழற்றி வைப்பாய், எனக்குத் தெரியும். பாய் கடையில் மூன்று கேசட்டைத் திருப்பிக் கொடுத்தவன் நீ. 'சுத்தமில்லாத சத்தம் சங்கீதமில்லை' என்று ஆறுமுகத்திடம் நீ பிரசங்கம் செய்து, அவன் ஏ மைனரிலேயே பதில் சொன்னது வேறு கதை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு.

'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்' என்ற பாட்டை எடுத்துக்கொள். பாடகர் லூதர் இங்க்ரம் பேச்சுவாக்கில், நம் கறுப்பு ஜனங்கள் முதலில் தங்களைத் தாங்களே மதிக்கக் கற்க வேண்டும் என்று சொல்ல, ஸ்டாக்ஸுக்குப் பாட்டு எழுதிய மேக் ரைஸ் அதைப் பிடித்துக்கொண்டு பாட்டாக்கினார். 1971ல் ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற குடும்பக் குழு பாடி ஊரெல்லாம் பரவியது. வாசித்தவர்கள் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஆட்கள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது, பளபளவென்று இருக்கிறது. இந்தத் தொகுப்பில் மேக் ரைஸே பாடியது இருக்கிறது. குரல் சுத்தமில்லை. தொண்டையில் மண் இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பம் பாடும்போது நமக்கு உபதேசம் சொல்வது போலக் கேட்கிறது, இவர் பாடும்போது பக்கத்தில் நிற்கிறவனின் சட்டையைப் பிடித்துக் கேட்கிறார். பாட்டு எதற்காகப் பிறந்தது என்பது இதில்தான் எனக்குத் தெரிந்தது. முடிந்த பாட்டில் பாடகர் இருக்கிறார், டெமோவில் பாட்டைப் போட்டவர் இருக்கிறார். எனக்கு இரண்டாமவரைத்தான் பிடிக்கிறது. இதுதான் என் கட்சி, நீ எதிர்க்கட்சியில் இரு.

எல்லாமே ரத்தினம் என்று சொல்ல மாட்டேன். பிற்பாதியில் யாருமே எடுத்துப் பாடாத பாட்டுகள் நிறைய. சிலது ஏன் கிடப்பில் போனது என்று முதல் அடியிலேயே தெரிந்துவிடுகிறது. சிலதைக் கேட்டால் அன்றைக்கு இதை வேண்டாம் என்று தள்ளியவன் எவன் என்று சண்டைக்குப் போகத் தோன்றுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு நான் ஹெட்போனோடு கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா விபூதி பூசிவிட்டாள்.

ஸ்டாக்ஸ் இருந்த இடத்தைப் பற்றியும் கேள். ஜிம் ஸ்டூவர்ட், எஸ்டெல் ஆக்ஸ்டன் என்று அண்ணன் தங்கை மாதிரி, இல்லை, தம்பியும் அக்காவும். இரண்டு பேரும் வங்கியில் வேலை. ரெக்கார்டிங் மெஷின் வாங்க அக்கா தன் வீட்டை அடமானம் வைத்தார். இரண்டு பேர் குடும்பப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தையும் ஒட்டியதுதான் ஸ்டாக்ஸ். மெக்லெமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த ஒரு சினிமா கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். நாற்காலியை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள், ஆனால் திரையை நோக்கிச் சரிகிற தரையைச் சமப்படுத்தக் காசில்லை. அந்தச் சரிவிலேயே வாசித்துப் பதிவு செய்தார்கள். அங்கே எடுத்த பாட்டுக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, அதற்கு அந்தத் தரையும் ஒரு காரணம் என்பார்கள். இடைவேளைக்குப் பாப்கார்ன் விற்ற இடத்தில் அக்கா ரெக்கார்டு கடை போட்டார். புதிதாக எடுத்த பாட்டை அங்கே வருகிற தெருப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவார். கால் ஆடினால் பாட்டு தேறும். டீனி பார்க்கர் அந்தக் கடையில் வேலை பார்த்தபடியே பாட்டு எழுதி, பாடி, பிறகு கம்பெனியின் விளம்பரப் பொறுப்புக்கே வந்தவர். இந்தத் தொகுப்புக்கு எழுதிய குறிப்புக்காக அவருக்கும் ராபர்ட் கார்டனுக்கும் தனியாக ஒரு கிராமி.

உள்ளே கறுப்பர், வெள்ளையர் என்று பார்க்காமல் சேர்ந்து வாசித்தார்கள். வெளியே போய் ஒரே மேசையில் சாப்பிட அந்த ஊரில் இடம் கிடைப்பது பாடு. லொரெய்ன் என்ற விடுதி மட்டும் அவர்களுக்குத் தோது. கொஞ்சம் சாப்பாடு, நீச்சல் குளம், ரூம் போட்டுப் பாட்டு எழுதுவது எல்லாம் அங்கேதான். ஒரு ராத்திரி வெளியே இடியும் மின்னலுமாகக் கொட்டியபோது க்ராப்பரும் பாடகர் எடி ஃப்ளாய்டும் உள்ளே உட்கார்ந்து 'நாக் ஆன் வுட்' எழுதினார்கள். பாட்டில் வருகிற இடி மின்னல் அந்த இடி மின்னல்தான்.

அதே விடுதி பால்கனியில்தான் 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டார்கள்.

இதைப் படித்த பிறகு அந்தப் பாட்டை நான் கேட்கிற மாதிரியே மாறிவிட்டது முரளி. ஆடவும் தோன்றுகிறது, ஆடிக்கொண்டே வயிற்றில் என்னமோ செய்கிறது.

அந்த வருடமே இன்னொரு அடி. பாட்டை விற்றுக் கொடுத்த அட்லாண்டிக் கம்பெனியோடு 1965ல் போட்ட ஒப்பந்தத்தை ஸ்டூவர்ட் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். அட்லாண்டிக் கைமாறியபோது எடுத்துப் பார்த்தால், அவர்கள் மூலம் விற்ற அத்தனை பதிவும் அவர்களுக்கே சொந்தம் என்று அதில் இருக்கிறது. ரெட்டிங் போனார், அவர் பாடியதும் போயிற்று. கையில் சரக்கே இல்லாமல் நின்ற கம்பெனியை ஆல் பெல் என்பவர் தூக்கி நிறுத்தினார். 1969 நடுவில் ஒரே மூச்சில் 27 எல்.பி. தட்டு வெளியிட்டார்கள். அதில் ஒன்று ஐசக் ஹேய்ஸுடையது, மொத்தமே நாலு பாட்டு, ஒன்று மட்டும் பதினெட்டு நிமிடத்துக்கு மேல். நீ கேட்டால் எடிட் செய்யச் சொல்வாய். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனாலும் 1975 டிசம்பரில் திவாலாக்கிக் கதவைச் சாத்திவிட்டார்கள். கொட்டகையை 1989ல் இடித்தார்கள். இடித்த இடத்தில் அதே மாதிரி மறுபடி கட்டி, 2003ல் மியூசியமாகத் திறந்தார்கள். நம் ஊர் புத்திதான், இல்லையா?

டெமோக்கள் எப்படித் தப்பித்தன என்றால், அவை பாட்டுப் பதிப்பு நிறுவனத்தின் பக்கம் இருந்தவை. பாட்டின் உரிமை கைமாறக் கைமாற இவையும் கூடவே போயின, யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பெரிதாக நினைத்திருந்தால் ஒருவேளை அதையும் அட்லாண்டிக் வாங்கியிருக்கும்.

தப்பியது பாதி என்றால் தப்பாதது எத்தனை? அதற்கும் முந்தின காலத்து ப்ளூஸ், அந்தக் கறுப்பு ஜனங்களின் பழைய பாட்டு, அதன் சமாச்சாரம் இன்னும் மோசம். பாராமவுண்ட் என்று ஒரு லேபிள், அதை நடத்தியதே விஸ்கான்சினில் ஒரு நாற்காலிக் கம்பெனி. சார்லி பேட்டன், ஸ்கிப் ஜேம்ஸ், சன் ஹவுஸ் எல்லாரும் அதில்தான் பாடினார்கள். மட்டமான அரக்கில் அடித்த தட்டுகள். கம்பெனி மூடியது, மூலத் தகடுகள் இல்லை. இன்றைக்கு அந்தத் தட்டு ஒன்று எவன் வீட்டுப் பரணிலாவது கிடைத்தால்தான் உண்டு. டாமி ஜான்சனின் ஒரு தட்டு 2013ல் 37,100 டாலருக்குப் போனது. பாடியவர் 1956லேயே செத்துப்போனார்.

ஒரே ஒரு சந்தோஷக் கதை சொல்கிறேன். மிஸ்ஸிஸிப்பி ஜான் ஹர்ட். 1928ல் சில பாட்டுப் பாடினார், விற்கவில்லை, ஊருக்குத் திரும்பி விவசாயக் கூலி வேலைக்குப் போய்விட்டார். முப்பத்தைந்து வருடம் கழித்து டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் அந்தப் பழைய பாட்டில் ஆவலான் என் சொந்த ஊர் என்று ஒரு வரி வருவதைப் பிடித்துக்கொண்டார். புது வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை. பழைய அட்லஸ் ஒன்றில் கண்டுபிடித்துப் போனால், ஆள் அங்கேதான் இருக்கிறார். வந்தவர் எஃப்.பி.ஐ. என்று நினைத்துப் பயந்தாராம், பாவம். அதே 1963ல் நியூபோர்ட் விழாவில் எழுபது வயதில் மேடையேறினார். மூன்று வருடம் பாடிவிட்டு 1966ல் போய்ச் சேர்ந்தார். அவர் விரல் நடையைக் கேள். கட்டைவிரல் அடித்தளம் போட, மற்ற விரல்கள் அதன்மேல் ஏறி விளையாடுகின்றன. நீ மேன்ஷன் மொட்டைமாடியில் பழகி, வராமல், கிட்டாரைத் திட்டுவாயே, அதுதான்.

சரி, இப்போது உன் தலைக்கு வருகிறேன். உஷா தங்கச்சி போன வாரம் பேசியது. வீட்டுக்கு மராமத்து செய்கிறீர்களாம், பரணில் இருக்கிற கேசட் பெட்டி இரண்டையும் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்லிவிட்டாயாம். 'அதில் ஒன்றுமில்லை, வெறும் சத்தம்' என்று நீ சொன்னதாகவும் தகவல்.

மாப்ளே, அது வெறும் சத்தம் இல்லை. வடபழனியில் நாம் இருந்த நாலு வருடத்தில் நீ போட்ட மெட்டு அத்தனையும் அதில் இருக்கிறது. எவனும் எடுத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்கிறேன். வார்த்தை இல்லாமல் தத்தகாரத்திலேயே முடிகிற பாட்டு, சரணத்தில் பக்கத்து ரூம் குக்கர் விசில், நடுவில் நான் 'டேய், டீ வந்துருச்சு' என்று கத்துவது, எல்லாம் சேர்த்துத்தான் வேண்டும். மழைக்காகிதப் பாட்டு எனக்கு இன்னும் பல்லவி முழுக்கத் தெரியும், அனுபல்லவி மட்டும் எங்கேயோ நழுவுகிறது. அதை நான் யாரிடம் போய்க் கேட்பது? நீ மோட்டார் பாகம் விற்கிறவன் ஆகிவிட்டாய் என்பதற்காக அந்தப் பையனின் பாட்டைத் தூக்கிப்போட உனக்கு உரிமை இல்லை. பாதிச் சாட்சி நான். கோபமாகவே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

செய்ய வேண்டியது இதுதான். பெட்டியை இறக்கு, வெயிலில் வைக்காதே. டேப்பில் வெள்ளைப் பூசணம் இருந்தால் ஆர்வக்கோளாறில் எந்த பிளேயரிலும் போட்டுவிடாதே, மெஷினும் கெடும், மற்ற கேசட்டுக்கும் தொற்றும். உள்ளே டேப்பை அழுத்திப் பிடிக்கிற சின்ன ஃபெல்ட் துண்டு விழுந்திருந்தால் பயப்படாதே, வேறு கேசட் கூட்டுக்குள் டேப்பை மாற்றிவிடலாம், அது எனக்கு வரும். இங்கே கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற ஒரு தம்பி இருக்கிறான், சுத்தப்படுத்தாமல் அப்படியே ஏற்றச் சொல்லிவிட்டேன். சீறல் இருக்கட்டும். பெட்டியைக் கட்டி லாரி பார்சலில் போடு, கூலியை நான் இங்கே கொடுத்துக்கொள்கிறேன்.

ஆறுமுகம் பெண் கல்யாணப் பத்திரிகை வந்திருக்குமே? முகூர்த்தம் காலை ஆறு மணிக்காம், அதனால் முதல் நாள் ராத்திரியே மதுரைக்கு வந்துவிடு, எனக்கும் சேர்த்து ரூம் போட்டுவிட்டான். வரவேற்பில் அவனே கீபோர்டு வாசிக்கப்போவதாக மிரட்டியிருக்கிறான். தடுக்க இரண்டு ஆளாவது வேண்டும்.

அன்புடன்,
கணேசன்