நம்ம நக்கீரனுக்கு என்ன ஆச்சு?

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டாதே. அம்மாவின் முழங்கால் வலி தவிர, இங்கே எல்லோரும் சௌக்கியம். விஷயம் இதுதான்: நம்ம நக்கீரன் குறை சொல்வதை நிறுத்திவிட்டான்!

நம்பமாட்டாய், தெரியும். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று மதுரையே கன்னத்தில் போட்டுக்கொண்டபோது, 'பந்தல் கோணல்' என்றவன் ஆயிற்றே.

எல்லாம் பேத்தியால் வந்தது. நாலு வயசு. மருமகள் தட்டில் இட்லியை வைத்ததும், கைகூடப் படவில்லை, 'உப்பே இல்ல' என்று உதட்டைச் சுழித்ததாம் குட்டி. அச்சு அசல் தாத்தா! வீடே சிரித்தது. இவனுக்கு மட்டும் இட்லி தொண்டையில் இறங்கவில்லை.

இதை என் மகளிடம் சொன்னேன். அவள் படிப்பு உளவியல் அல்லவா, உடனே பாடம் எடுத்துவிட்டாள். 1983-ல் தெரசா அமாபிலே என்ற அமெரிக்க ஆய்வாளர், புத்தக மதிப்புரைகளைப் படிக்கக் கொடுத்து, எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாராம். பாராட்டியவரைவிடத் திட்டியவரைத்தான் அறிவாளி என்றார்களாம்; ஆனால் அவரைப் பிடிக்கவில்லையாம். நம் டீக்கடை பெஞ்சும் அப்படித்தானே? 'நல்லா இருக்கு' என்றவன் சோணகிரி. முதலில் நொட்டை கண்டுபிடித்தவன் மேதை.

இப்போது சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டைப் பற்றி வாய் திறக்கிறான். சினிமா என்றால் வீட்டுக்கு வந்த பிறகு. அதற்குள் பாதி மறந்துபோகிறதாம். எனக்குத்தான் பொழுது போகவில்லை. 'என்னடா, ஒண்ணும் சொல்லலையா?' என்று நானே கிளறிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று. போன வாரம் டீ மாஸ்டரிடம், 'பால் அடிப்பிடிச்சிருக்கு' என்றான். முன்பெல்லாம் இவன் சொன்னால் அவர் காதிலேயே வாங்கமாட்டார். அன்று குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் வேறு பால் வைத்தார்.

நேற்று திடீரென்று, 'சேகர் இன்னும் கவிதை எழுதுறானா?' என்று கேட்டான். கல்லூரி மலருக்கு நீ கொடுத்ததை அவன் வரிவரியாகக் கிழித்தானே, அதற்கப்புறம் நீ எழுதி நான் பார்க்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பழைய நோட்டு இருந்தால் அனுப்பு. கூரியர் காசை அவனிடமே கறந்துவிடலாம்.

உன்
முருகன்