கூட்டத்தில் சொன்ன சொல்: திருகோணமலைச் சபைகளின் குருமாருக்கும் நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குருமார்களே, போதகர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே,

கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள். வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தல்கள் ஆலயங்களில் வாசிக்கப்படும் காலம் இது. பதினெட்டு வருடங்கள் ஒரு சபையின் செயலாளராக இருந்து அத்தகைய கூட்டங்களின் அறிக்கைகளைக் கைப்பட எழுதியவன் என்ற முறையில், இவ்வருடக் கூட்டங்கள் கூடுமுன் ஒரு விண்ணப்பத்தை உங்கள் முன் வைக்கிறேன். எந்தச் சபை என்று நான் குறிப்பிடவில்லை. டொக்யார்ட் வீதியிலிருந்து உப்புவெளி வரை எந்த ஆலயத்தில் இம்மடலை வாசித்தாலும் அங்குள்ளவர்கள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று எண்ணுவார்கள், அதுவே நல்லது.

விண்ணப்பம் இதுதான். நாவைக் குறித்து நாம் கேட்ட பிரசங்கங்கள் போதும். சபைக்குள் ஒருவருக்கொருவர் மனத்தாங்கல் உண்டாகும்போது யார், யாரிடம், எத்தனை நாளுக்குள் போய்ப் பேச வேண்டும் என்பதை ஓர் ஒழுங்காக எழுதி, அதைப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு 2011ஆம் ஆண்டு அறுவடை விழாவைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் ஆலய வளவிலேயே ஏலம் நடக்கும். பூசணிக்காய், இளநீர்க் குலை, சேவல், யாரோ ஓர் ஆச்சி சுட்டுக் கொண்டுவந்த பயற்றம் பணியாரம் எல்லாம் கடை விலையைவிட இரண்டு மூன்று மடங்குக்குப் போகும். அந்த வருடம் ஏலப் பணத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்; நீண்ட ஜெபத்துக்குப் பேர் போனவர். பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட்டபோது 3,450 ரூபாய் குறைந்தது. அவர் தம் கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கேயோ இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றார். செயலாளரின் மேசையில் இருந்தபடியே நான், "அண்ணர் முதலில் கணக்கைக் காட்டட்டும், பிறகு கண்ணை மூடட்டும்" என்றேன். மண்டபமே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார். கொப்பியை மூடி, அதன்மேல் இறப்பர் வளையத்தை இரண்டு சுற்றுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை பேசாமல் இருந்தார். அடுத்த ஞாயிறு அவருடைய குடும்பம் வழக்கமாக இருக்கும் வாங்கு வெறுமையாயிருந்தது. அன்றைய கூட்ட அறிக்கையில் நான் எழுதிய வரி: "ஏலக் கணக்குக் குறித்துக் கலந்துரையாடப்பட்டது."

ஆறு வாரங்களின் பின், பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளுக்கும் காபன் தாளுக்கும் நடுவே கதிரை வாடகைச் சிட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். சரியாக 3,450 ரூபாய். விழா அன்று கதிரைக்காரருக்கு அவர் ஏலப் பணத்திலிருந்தே கொடுத்திருக்கிறார். சிட்டையைப் பொருளாளரிடம் கொடுத்தேன், கணக்குத் திருத்தப்பட்டது, கணக்காய்வாளரும் கையொப்பமிட்டார். ஆனால் அவருடைய வீட்டுப் படலையை நான் திறக்கவில்லை. இன்றைக்குப் போகலாம், நத்தாருக்குப் போகலாம் என்று பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் போயின. இத்தனைக்கும் அவருடைய வீடு என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். இந்தக் காலத்தில் நான் திருவிருந்தில் பங்குகொள்ளாத மாதம் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5ஆம் அதிகார வசனம் வாசிக்கப்படும்போதெல்லாம், அது பக்கத்து வாங்கில் இருப்பவருக்கு என்றே எனக்குப் பட்டது.

பேதுரு தம் முதலாம் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், நல்ல நாட்களைக் காண விரும்புகிறவன் பொல்லாப்புக்குத் தன் நாவை விலக்கிக் காத்து, சமாதானத்தைத் தேடி, அதைப் பின்தொடரக்கடவன் என்கிறார். 34ஆம் சங்கீதத்திலிருந்து அவர் எடுத்தாண்ட வரிகள் இவை. நாம் இவற்றைப் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில் அச்சிடுகிறோம். பேதுருவோ பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா நாடுகளில் சிதறியிருந்து, அயலவரின் ஏச்சையும் பேச்சையும் அன்றாடம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதினார். சிதறியிருத்தல் என்றால் என்ன என்று இந்த மாவட்டத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுதியவரும் நாக்குச் சுத்தமான மனிதராக இருந்ததில்லை. பிரதான ஆசாரியனின் முற்றத்தில், இயேசுவை அறியேன் என்று சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கியவர் அவரே. அதனால்தான் அவருடைய வாயிலிருந்து வரும் இந்தப் புத்தியை நான் நம்புகிறேன்.

"பின்தொடர" என்று நம் வேதாகமத்தில் உள்ள சொல் சற்று மென்மையானது. சங்கீதத்தின் எபிரெய மூலத்தில் உள்ள வினை, பார்வோன் இஸ்ரவேலரைத் துரத்திக்கொண்டு போனதைச் சொல்லும் அதே வினை. பேதுருவின் கிரேக்கச் சொல்லோ, பவுல் சபையைத் துன்பப்படுத்தியதைத் தாமே கலாத்தியருக்கு எழுதும்போது கையாண்ட சொல். ஓடுகிற ஒன்றை விடாமல் கலைத்துக்கொண்டு போவதே அதன் பொருள். வீட்டில் இருந்தபடி எனக்கு யாரோடும் கோபமில்லை என்று சொல்லிக்கொள்வது இந்த வினைக்குள் அடங்காது. திருகோணமலையில் கற்பித்து, எங்கள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யேசு சபைக் குருவானவர் யூஜின் ஹேபர்ட், போர்க்காலத்தில், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமற்போனார், திரும்பவேயில்லை. அப்படிப்பட்ட வீதிகளில் இறங்கி நடந்த மனிதர்கள் வாழ்ந்த மண்ணில், எனக்கு ஒரு படலையைத் திறக்கப் பன்னிரண்டு வருடம் போதவில்லை.

ஒழுங்கு என்று நான் கேட்பதற்கு வேதாகமத்திலேயே முன்மாதிரி உண்டு. பிலிப்பியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் பவுல், எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்களைப் பெயர் சொல்லி, கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருக்கும்படி புத்தி சொல்கிறார். பிணக்கு எதைப் பற்றியது, பிழை யாருடையது என்று ஒரு வரியும் இல்லை. இருவரும் சுவிசேஷத்துக்காகத் தம்மோடு பாடுபட்டவர்கள் என்று மட்டும் சாட்சி சொல்லிவிட்டு, சபையில் உள்ள மூன்றாம் ஒருவரை அழைத்து, அவர்களுக்கு உதவியாயிருக்கும்படி கேட்கிறார். நம்முடைய குழுக்கள் செய்வது இதற்கு நேர்மாறானது: யார் பிழை என்பதைத் தீர்மானிக்கவே மூன்று கூட்டம் வைக்கிறோம், அவர்களோடு போய் இருக்க ஒருவரையும் அனுப்புவதில்லை.

மத்தேயு 18 இன்னும் தெளிவானது. முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு என்கிறது. எங்கள் ஊரில் அந்த முதற்படி கடைசிப் படியாகிவிட்டது. விஷயம் முதலில் வட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது, பிறகு ஜெபக்குழுவுக்கு, சம்பந்தப்பட்டவரின் காதுக்குக் கடைசியாக. ஜெபக்குழுவைப் பற்றித் தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். "வெளியில சொல்லாதேங்கோ, ஜெபிச்சுக் கொள்ளுங்கோ" என்ற முன்னுரையோடு வரும் செய்தி, சந்தையில் பேசப்படும் புறணியைவிட வேகமாகப் போகிறது. சந்தைப் பேச்சை நம்பாமல் விட ஒருவருக்கு உரிமை உண்டு; ஜெபக் குறிப்பாக வருவதைச் சந்தேகிக்க யாருக்குத் துணிவு வரும்? ஆகவே, மூன்றாம் ஒருவரின் பெயரை அவருடைய சம்மதமின்றி ஜெபக் குறிப்பாக அறிவிக்கக் கூடாது என்பதையும் உங்கள் ஒழுங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அயலவரைக் குறித்த பேச்சுக்கும் இது பொருந்தும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தபின், அரசாங்கம் அன்றைக்கே சமூக ஊடகங்களை முடக்கியது. ஆலய வாசலில் நின்று நாம் பேசியதை யாரும் முடக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்து பல வருடங்களாக நம் வீதியில் வியாபாரம் செய்த முஸ்லிம் அயலவரைப் பற்றி அந்த வாரங்களில் நம் வாயால் என்ன சொன்னோம் என்பதை ஒவ்வொருவரும் அறிவோம். உதாசனத்துக்கு உதாசனத்தைச் சரிக்கட்டாதிருங்கள் என்று எழுதும் பேதுரு, நம்மை உதாசனம் செய்யாதவர்களை நாம் ஏசுவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அப்படியும் நடக்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

ஓர் எச்சரிக்கையை இங்கே எழுதாவிட்டால் இந்த விண்ணப்பமே தீங்காக முடியும். சமாதானம் என்ற சொல்லை வைத்து நலிந்தவரின் வாயை அடைப்பது சபைகளில் நடந்திருக்கிறது. கணவனிடம் அடி வாங்கிய பெண்ணிடம், சிலுவையைச் சுமந்து சமாதானமாய்ப் போ என்று சொல்லப்பட்டதை நானே பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறேன். அப்போது பேசாமல் இருந்தேன். சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் சமாதானம் என்று சொல்லி, காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறவர்களை எரேமியா கண்டித்தது இதைத்தான். வன்முறையும் சிறுவர் துஷ்பிரயோகமும் சபைக்குள் பேசித் தீர்க்கும் மனத்தாங்கல்கள் அல்ல. அந்தப் பெண்ணுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கும் உரிமை உண்டு. சபையின் வேலை அவளோடு கூடப் போவது.

சென்ற மார்கழியில் உப்புவெளியில் ஒரு மரண வீட்டில், அடக்கம் முடிந்து வாடகைக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து கதிரைகளை எடுத்துக் கொடுத்தவர் அந்த ஏலக் கணக்கு அண்ணர்தான் என்பதை நான்காவது கதிரைக்குத்தான் கவனித்தேன். இருவரும் பேசாமல் அடுக்கி முடித்தோம். மறுநாள் மாலை போனேன். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். சிட்டை கிடைத்த கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "காசைப் பற்றி நான் ஒருநாளும் யோசிக்கேல்லை, தம்பி. ஆர் ஆர் சிரிச்சதெண்டு இப்பவும் சொல்லுவன். நீர் சொன்னது கூட்டத்தில. இங்க வந்து சொன்னாக் காணுமோ?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இம்மடலின் கடைசி விண்ணப்பம் அதிலிருந்தே பிறந்தது. தனியாகச் சொன்ன சொல்லைத் தனியாகவும், கூட்டத்தில் சொன்ன சொல்லைக் கூட்டத்திலும் திரும்பப் பெற வேண்டும் என்று ஒழுங்கில் எழுதுங்கள். அதற்கென நிகழ்ச்சி நிரலில், கணக்கறிக்கைக்கு முன், ஓர் இடம் ஒதுக்குங்கள்.

எங்கள் சபையின் பொதுக்கூட்டம் அடுத்த மாதம் கூடுகிறது. அன்று 2011இல் நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லி, அது பொய்யென்றும், பணம் கதிரைக்காரருக்குக் கொடுக்கப்பட்டதென்றும் எழுந்து நின்று கூறப்போகிறேன். "கலந்துரையாடப்பட்டது" என்று மட்டும் எழுதாமல் முழுவதையும் எழுதும்படி இப்போதைய செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். அண்ணருக்கும் கூட்ட அழைப்பிதழை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். வருவதாகச் சொல்லவில்லை.

இங்ஙனம்,
சபைச் செயலாளராக இருந்த ஒருவன்,
திருகோணமலை.