வீ ஃபோரம் மூடப்பட்டது ராணுவச் சட்டத்தால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பிலிப்பைன்ஸ் பத்திரிகையாளர் ஹோசே புர்கோஸ் பற்றிய கட்டுரையில், அவருடைய ‘வீ ஃபோரம்’ இதழ் ராணுவச் சட்டத்தின் (மார்ஷியல் லா) கீழ் மூடப்பட்டதாக வந்திருக்கிறது. ராணுவச் சட்டத்தை அந்நாட்டு அதிபர் மார்க்கோஸ் 1981 ஜனவரியிலேயே, பெயருக்காவது, விலக்கிக்கொண்டார். வீ ஃபோரத்துக்குள் படையினர் புகுந்தது 1982 டிசம்பர் 7-ல். கையில் கேசோன் சிட்டி நீதிபதி ஒருவர் கையெழுத்திட்ட இரண்டு சோதனை வாரண்டுகள் இருந்தன.

1972-ல் ராணுவச் சட்டத்தை அறிவித்து ஒரே உத்தரவில் நாட்டின் பத்திரிகைகளை முடக்கியவருக்கு, பத்தாண்டு கழித்து ஒரு சிறு இதழை மூட நீதிமன்றத் தாள் தேவைப்பட்டது. அந்த இதழ் செய்த குற்றம், மார்க்கோஸின் போர்ப் பதக்கங்களில் பல போலி என்று அவருடைய எதிர்ப்பாளர் பொனிஃபாசியோ கில்லேகோ எழுதிய தொடரை வெளியிட்டது!

அந்த வாரண்டுகளை ஒருமுறை படித்தாலே உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு ஏன் தோற்றது என்பது புரியும். அச்சு இயந்திரங்கள், காகிதம், மை, தட்டச்சுப் பொறிகள், அலமாரி, மேசை, டேப் ரெக்கார்டர், வண்டிகள் என்று கண்ணில் படுவதையெல்லாம் அள்ளிப்போக இடம் தரும் பட்டியல் அது. எந்தக் கட்டுரை, எந்த வரி அரசைக் கவிழ்க்கத் தூண்டியது என்று, வாரண்டு கேட்ட மனுவில் ஒரு சொல்கூட இல்லை. “நாங்கள் திரட்டிய ஆதாரங்கள் காட்டுகின்றன” என்ற தோரணையில் உளவுப் பிரிவினர் இருவர் கொடுத்த வாக்குமூலம் மட்டுமே இணைப்பு. ஆதாரம் என்ன என்பதை நீதிபதி முன் வைக்காமல், ஆதாரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அது முடிவுரை, சாட்சியம் ஆகாது.

1984 டிசம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு வாரண்டுகளையும் செல்லாதவையாக்கி, பொருள்களைத் திருப்பித் தர உத்தரவிட்டது. அச்சகத்துக்குச் சீல் வைத்ததை, வெளிவருமுன்பே எழுத்தைத் தடுக்கும் செயலாகப் பார்த்தது. சோதனையிட்ட இடங்கள் இரண்டாக இருந்தும் இரண்டு வாரண்டிலும் ஒரே முகவரி இருந்ததை மட்டும் தட்டச்சுப் பிழை என்று விட்டுவிட்டது. புர்கோஸ் தரப்பு அடுக்கிய காரணங்களில் அதுதான் பலவீனமானது, விட்டதில் தவறில்லை.

‘நீதிமன்றம்தான் பத்திரிகையைக் காப்பாற்றியது’ என்று கட்டுரை சொல்வதையும் ஏற்க முடியவில்லை. தீர்ப்பு வர இரண்டு ஆண்டுகள் ஆயின. தினமும் ஓட வேண்டிய இயந்திரம் அதுவரை ராணுவத்தின் வசம். புர்கோஸ் அதற்காகக் காத்திருக்கவில்லை. தகலோக் மொழியில் ஏற்கெனவே நடத்திவந்த ‘மலாயா’வை ஆங்கிலத்துக்கு மாற்றினார். 1983 ஆகஸ்ட் 21-ல் மணிலா விமான நிலையத்தில் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ சுட்டுக் கொல்லப்பட்டபோது, அரசு சார்பு நாளேடுகளை நம்பாதவர்கள் தேடி வாங்கிய தாள்களில் மலாயாவும் ஒன்று. அந்தத் தாள் கட்டுரையில் ஒரே வரியில் முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்