யாஃபா பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நெப்போலியனின் வாழ்க்கை வரலாறு ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்குச் சென்ற இதழில் யோசனை சொல்லியிருந்தீர்கள். விறுவிறுப்பான நடையும் நிறையப் போர்க்களக் காட்சிகளும் இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று அதில் இருந்தது. அவரைப் பற்றிய நூல்களைப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். இந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த விறுவிறுப்பில் பெரும்பங்கு நெப்போலியன் தானே எழுதியும் எழுதச் சொல்லியும் விட்டுப்போனது என்பதுதான் காரணம்.

1797இல் இத்தாலியில் படை நடத்தியபோதே தன் புகழைப் பரப்பப் பத்திரிகை தொடங்கியவர் அவர். பேரரசர் ஆன பிறகு போர்ச் செய்திகளைப் படை அறிக்கைகளாக வெளியிட்டார். ‘அறிக்கையைப் போலப் பொய் சொல்கிறான்’ என்று அவருடைய வீரர்களே பேசிக்கொள்ளும் அளவுக்கு அவை பெயர் வாங்கின. கடைசியில் செயின்ட் ஹெலினா தீவில் சிறை இருந்தபோது, கூட இருந்தவர்களிடம் தன் கதையைச் சொல்லி எழுதவைத்தார். அவர்களில் ஒருவரான லாஸ் காஸ் எழுதிய தொகுப்பு 1823இல் வெளிவந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. இன்றைக்கும் பல வாழ்க்கை வரலாறுகள் அந்தத் தீவுப் பேச்சைச் சாட்சியம் போல அப்படியே எடுத்துவைக்கின்றன.

வட இத்தாலியில் நடந்த மரெங்கோ போரைப் பாருங்கள். 1800 ஜூன் 14 காலையில் ஆஸ்திரியப் படை போர்மிதா ஆற்றைக் கடந்து தாக்கும் என்று நெப்போலியன் எதிர்பார்க்கவே இல்லை. முந்தைய நாள்தான் தன் தளபதி தெசேயின் தலைமையில் படையின் ஒரு பகுதியை வேறு பக்கம் அனுப்பியிருந்தார். பிற்பகலில் பிரெஞ்சுப் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்திரியத் தளபதி மெலாஸ் வென்றுவிட்டோம் என்று நம்பிக் களத்தைவிட்டே போய்விட்டார். மாலையில் தெசே திரும்பி வந்தார், கெல்லர்மனின் குதிரைப்படை பக்கவாட்டில் பாய்ந்தது, போர் தலைகீழானது. தெசே அங்கேயே குண்டு பாய்ந்து இறந்தார். பிறகு அதிகாரபூர்வ வரலாறு திருத்தித் திருத்தி எழுதப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்திலும் அந்தப் பின்வாங்கல், முன்பே போட்டுவைத்த திட்டத்தின் பகுதியாக மாறிக்கொண்டே வந்தது. கையில் எடுத்த நூல் இந்த ஒரு நாளை எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். ‘திட்டமிட்டுப் பின்வாங்கினார்’ என்ற வரி கண்ணில் பட்டால் நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

ஆனால் நான் முதலில் திறப்பது யாஃபா பக்கத்தை. 1799 மார்ச்சில் பாலஸ்தீனக் கடற்கரையில் உள்ள அந்த நகரம் பிரெஞ்சுப் படையிடம் விழுந்தபோது, உயிருக்கு உறுதி பெற்றுக்கொண்டு சரணடைந்தவர்கள் உட்பட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டும் பயனெட்டால் குத்தியும் கொன்றார்கள். உத்தரவு நெப்போலியனுடையது. அதே ஊரில், அதே மாதம், பிளேக் நோயாளிகளை அவர் நேரில் போய்ப் பார்த்தார். 1804இல் ஓவியர் குரோ தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் ஒரு நோயாளியின் கட்டியை அவர் வெறும் கையால் தொடுகிறார். அந்த ஓவியத்தை வரையச் சொன்னவரும் அவரே. நான் படித்த தடித்த நூல் ஒன்றில் ஓவியம் வண்ணத்தில் முழுப்பக்கம் வந்திருந்தது. கைதிகளுக்குக் கிடைத்தது அரை வரி. சொல்லடைவில் ‘யாஃபா’ என்று தேடினேன். அதன் கீழே ஓவியம் மட்டுமே இருந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நல்ல ஆசிரியர் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பார். உணவு இல்லை, காவலுக்கு ஆள் இல்லை, முன்பு விடுவிக்கப்பட்டவர்களே மீண்டும் ஆயுதம் எடுத்தார்கள் என்று சொல்லப்பட்ட காரணங்களையும் தந்து, அவை எவ்வளவு தூரம் நிற்கும் என்று எடைபோடுவார்.

நெப்போலியனின் கடிதங்களை நூலாசிரியர் எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்திருக்கிறார் என்பதையும் பாருங்கள். அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில் 32 தொகுதிகள் வந்தன. முதல் நெப்போலியன் உயிரோடு இருந்தால் உலகம் எதைப் பார்க்க வேண்டும் என்று விரும்பியிருப்பாரோ அதையே வெளியிடுகிறோம் என்று பதிப்புக் குழுவே வெளிப்படையாக எழுதியது. 2004 முதல் 2018 வரை பாரீஸில் வெளிவந்த புதிய பதிப்பில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் 15 தொகுதிகளாக உள்ளன. இன்று எழுதுகிறவர் இதைப் புரட்டாமல் எழுதினால் அது சோம்பல்தான்.

அவரைத் திட்டித் தீர்க்கும் நூல்களும் எனக்கு வேண்டாம். ஏறத்தாழ 168 சென்டிமீட்டர் உயரம் இருந்தவரைக் குள்ளன் என்று ஆங்கிலேயக் கேலிச்சித்திரங்கள் காட்டியதை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 1802இல் குடியேற்றங்களில் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்ததை எழுதட்டும், விரிவாகவே எழுதட்டும். ஆனால் பதவி இழந்து எல்பா தீவிலிருந்து தப்பி வந்தவர், 1815 மார்ச் 7 அன்று, கிரெனோபிள் அருகே தன்னைப் பிடிக்க வந்த படைக்கு முன்னால் மேல்கோட்டைத் திறந்துகொண்டு நடந்தபோது, ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் அந்த வீரர்கள் அவர் பக்கம் ஓடிவந்தது ஏன்? வெறுப்போடு மட்டும் எழுதியவர்களிடம் இதற்குப் பதில் கிடைப்பதில்லை.

வரைபடம் இல்லாமல் 1812 ரஷ்யப் படையெடுப்பைப் படிக்க முடியாது. சுருக்கப் பதிப்புகளில் முதலில் வெட்டுவது அதைத்தான், அடுத்து அடிக்குறிப்புகளை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய நூல்களைப் பரிந்துரைக்கும்போது, நடையைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள், போதும். மீதி இடத்தில், 1812 டிசம்பர் 3 தேதியிட்ட 29ஆம் படை அறிக்கையை அந்த நூல் எப்படிக் கையாள்கிறது என்று சொல்லுங்கள். பனியில் செத்து விழுந்த குதிரைகளையும் சிதைந்த படையையும் ஒப்புக்கொள்ளும் அந்த அறிக்கை, மாமன்னரின் உடல்நலம் இதைவிடச் சிறப்பாக இருந்ததே இல்லை என்று முடிகிறது. அந்தக் கடைசி வரியில் நூலாசிரியர் நின்றாரா, தாண்டிப் போனாரா என்று தெரிந்தால் வாங்குவதா வேண்டாமா என்று வாசகர் தாமே முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்