மதிப்பெண்ணோடு அளவுகோலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்கறிகளைச் சத்து மதிப்பெண்படி வரிசைப்படுத்தும் பட்டியல்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அப்படியொரு பட்டியலில் பசலைக்கீரைக்கு 86, சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு 10 என்றிருந்ததைப் படித்த என் தாயார், கிழங்கில் சத்தே இல்லை என்று முடிவுகட்டி, அன்று முதல் அதைத் தொடுவதில்லை. அவர் மேல் குற்றமில்லை. அந்த எண் எப்படி வந்தது என்று அங்கே ஒரு வரிகூட இல்லை.

அந்த எண்கள், 2014-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டவை. புரதம், நார்ச்சத்து, இரும்பு, பல வைட்டமின்கள் என 17 சத்துகளில் ஒரு நாளைத் தேவையின் எத்தனை சதவீதம் கிடைக்கிறது என்று 47 காய்கனிகளில் கணக்கிட்டார்கள். ஆனால் கணக்கு 100 கிராமுக்கு அன்று, 100 கலோரிக்கு. இங்கேதான் வாசகர் தடுமாறுகிறார்.

பச்சைப் பசலைக்கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 23 கலோரிதான் உண்டு. ஆகவே 100 கலோரி சேர 430 கிராமுக்கு மேல் கீரை வேண்டும். வீட்டுத் தராசில் அவ்வளவையும் நிறுத்துப் பெரிய பாத்திரத்தில் அமுக்கி வைத்தேன்; மூடி மேலேயே நின்றது. அதே 100 கலோரி கிழங்கில் 120 கிராமுக்குள், உள்ளங்கையில் அடங்கும் ஒரே துண்டில் கிடைத்துவிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால், ஆரஞ்சு நிறக் கிழங்கில் வைட்டமின் ஏ பசலையைவிட அதிகம். கலோரியைக் குறைக்க வேண்டியவருக்கு முதல் கணக்கு உதவும். என் தாயாரைப் போலக் கொஞ்சமாகச் சாப்பிடும் முதியவருக்கு இரண்டாவதே பொருந்தும்.

மேலும், அந்த ஆய்வில் 10 என்பதே தேர்ச்சி மதிப்பெண். 41 காய்கனிகள் அதை எட்டின. கிழங்கும் அவற்றில் ஒன்று. நூற்றுக்குப் பத்து என்று பள்ளித் தேர்வுத்தாளைப் பார்ப்பதுபோல் பார்த்ததால்தான் அது தோற்றதாகத் தோன்றியது. பூண்டும் வெங்காயமும் தேறாதவற்றில் இருந்தன. அவற்றுக்கே உரிய தாவர வேதிப்பொருள்கள் அந்த 17 சத்துகளில் சேரவில்லை என்பதையும் வாசகர் அறிய வேண்டும்.

எனவே, இத்தகைய பட்டியல்களை வெளியிடும்போது, கணக்கு கலோரிக்கா எடைக்கா, எந்தெந்தச் சத்துகள் சேர்க்கப்பட்டன, தேர்ச்சி எல்லை எது என்ற மூன்றையும் பட்டியலுக்கு அடியிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்