ஐந்து வண்டி நிற்கும் வயல்

ரெடிங்,
மார்ச் 9

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கவரைப் பிரித்ததும் முதலில் கையில் விழுந்தது அந்தப் புகைப்படம்தான். லெஸ்டர் வீட்டு வாசலில், காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகும் வெள்ளை வீட்டு வண்டிக்கு, உன் புது கேரவனுக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாய். விடுதி மொட்டை மாடியில் துணி காயப்போட இடம் பிடித்துவிட்டு நிற்பாயே, அதே நிலை. இவரிடம் காட்டினேன். "நல்ல வண்டியாகத்தான் வாங்கியிருக்கிறார்கள்" என்றார்.

மதுரையில் என் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னபோது, கேரவன் என்றதும் அவளுக்குப் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டிதான் நினைவுக்கு வந்தது. நம் சித்திரைத் திருவிழா கூண்டு வண்டிகளைச் சொல்லித்தான் புரிய வைத்தேன். உனக்கு நினைவிருக்கிறதா? அழகர் ஆற்றில் இறங்கும் முன்னாலேயே கிராமத்துக் குடும்பங்கள் வந்து வைகைக் கரையில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். கூண்டுக்குள் குழந்தை தூங்கும். வண்டிக்கு அடியில் தாத்தா படுத்திருப்பார். மணலில் மூன்று கல் வைத்து உலை கொதிக்கும். நாம் இருவரும் பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்போம். "இப்படி ஒரு நாள் நாமும் போக வேண்டும்" என்று நீதான் சொன்னாய். நாற்பது ஆண்டு கழித்து அந்த வண்டி உன் வாசலுக்கு வந்துவிட்டது. மாடு மட்டும் இல்லை.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேரவன்காரர்களுக்கான கிளப்புகளில் எதில் சேருவது? ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒரே வகை வண்டி வைத்திருப்பவர்கள் கூடும் சின்னச் சங்கங்களைப் பற்றி இப்போது யோசிக்காதே. அவை ஓரிரு ஆண்டுகள் சுற்றிய பிறகு தேடிக்கொள்ள வேண்டியவை. உன் முன்னால் இருப்பவை இரண்டுதான்: கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப், கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப். பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிறந்த வீடு வேறு, குணமும் வேறு. அந்தக் குணம் இன்றுவரை மாறவில்லை என்பதால் பழங்கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

இரண்டு கதையுமே நான் இருக்கும் ரெடிங்கைச் சுற்றித்தான் தொடங்குகின்றன. இங்கிருந்து லண்டன் ரயிலில் ஏறினால் அடுத்த ஊர் ட்வைஃபோர்ட். அங்கே குடியிருந்த கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், பிரிஸ்டலில் ஒரு பெரிய மர வண்டி செய்யச் சொல்லி, 1885-இல் அதில் குதிரைகளைப் பூட்டி ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரைக்கும் போனார். பிழைப்புக்காக இல்லாமல் இன்பத்துக்காக வண்டியில் வாழ்ந்து பார்த்த முன்னோடிகளில் அவர் ஒருவர். 1907-இல் கேரவன் கிளப் தொடங்கியபோது அவரைத் துணைத் தலைவராக வைத்துக்கொண்டார்கள். வசதியான வண்டியும் ஒழுங்கான ஏற்பாடும் அந்த வீட்டின் குணம். தானே ஓடும் வீட்டு வண்டியைக் குறிக்கும் மோட்டார்ஹோம் என்ற சொல் 2017-இல்தான் பெயரில் சேர்ந்தது.

மற்றது அதற்கு ஆறு ஆண்டு மூத்தது. தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்காரர் தொடங்கியது. 1901-இல், எங்களுக்கு மேற்கே இருக்கும் வான்டேஜில் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வந்த ஆறு பேர் கூடியதுதான் முதல் முகாம். சங்கத்தின் முதல் பெயரே சைக்கிள் முகாமிடுவோர் சங்கம். தென்துருவம் போன கேப்டன் ஸ்காட்டும், பிறகு சாரணர் இயக்கத்தின் பேடன் பவலும் அதற்குத் தலைவராக இருந்திருக்கிறார்கள். கேரவன் அங்கே பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. வீட்டுக்காரன் கூடாரம்தான். இதை மனத்தில் வைத்துக்கொள். உன் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

பலரும் கிளப்புகள் நடத்தும் பெரிய தங்கும் தளங்களைக் காட்டித்தான் இது சிறந்தது, அது சிறந்தது என்பார்கள். கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பின் தளங்கள் துடைத்து வைத்த வெண்கலப் பாத்திரம் போல இருக்கும். சரளை போட்ட தளம், வெட்டிவிட்ட வேலி, வெந்நீர் வரும் சுத்தமான குளியலறை. எண்ணிக்கையிலும் அவர்களிடம்தான் அதிகம். மற்ற கிளப்பில் புல்லும் பிள்ளைகளும் சைக்கிளும் அதிகம். வடமேற்கு இங்கிலாந்தின் கெஸ்விக்கில் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையிலேயே அவர்களுக்கு ஓர் இடம் உண்டு. காலையில் கதவைத் திறந்தால் தண்ணீருக்குமேல் மூடுபனி நகர்ந்துகொண்டிருக்கும். அங்கே தங்கிய மூன்று நாளை இவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் இப்படிப்பட்ட பெரிய தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு உறுப்பினர் அல்லாதவர்களும் போகலாம். இரவுக்கு இரவு கொஞ்சம் கூடுதல் கட்டணம், அவ்வளவுதான். அதற்காக மட்டும் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டுமா என்று நீ கேட்டால் அது நியாயமான கேள்வி.

சந்தாவின் உண்மையான மதிப்பு வயலில் இருக்கிறது. இங்கே ஒரு விவசாயி தன் நிலத்தில் கேரவன்களை நிறுத்திப் பணம் வாங்க வேண்டுமானால் திட்ட அனுமதி, உரிமம் என்று அலைய வேண்டும். 1960-ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டம் அதில் ஒரு சின்னச் சன்னலைத் திறந்து வைத்தது. விலக்குப் பெற்ற ஒரு கிளப் அந்த இடத்துக்குச் சான்றிதழ் கொடுத்தால், ஐந்து கேரவன்கள் வரை அங்கே நிற்கலாம். அந்த கிளப்பின் உறுப்பினர்கள் மட்டுமே தங்கலாம். அந்தச் சன்னல் வழியாகத்தான் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஐந்து வண்டி வயல்கள் வந்தன. கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பில் அவை 2,000-க்கு மேல், கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்பில் 1,000-க்கு மேல். ஆப்பிள் தோட்டம், பால் பண்ணை, ஆற்றோர மேய்ச்சல் நிலம், மதுக்கடைக்குப் பின்னால் இருக்கும் புல்வெளி என்று எது வேண்டுமானாலும் இருக்கும். குடிநீர்க் குழாயும், கழிவறைப் பெட்டியைக் கொட்டும் இடமும், குப்பைக்கு வழியும் இருக்கும். பல இடங்களில் அதற்குமேல் ஒன்றும் இருக்காது. கட்டணமும் பெரும்பாலும் பெரிய தளத்தைவிடக் குறைவு.

ஒன்பது ஆண்டுக்கு முன் நாங்கள் முதன்முதலில் போனது ஹெர்ஃபர்ட்ஷயரில் அப்படி ஒரு வயல்தான். வண்டியை விற்ற கடையில் இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டார்கள். நான் எழுதிக்கொண்ட குறிப்பில் பாதி தவறு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. ரிவர்ஸ் எடுக்க வரவில்லை. நான் ஒரு பக்கம் திருப்பினால் வண்டி மறுபக்கம் போகிறது. மற்ற நான்கு வண்டிகளிலும் திரைச்சீலை அசைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது எண்பது வயது இருக்கும் ஒரு பெரியவர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் விளக்கோடு வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள், அம்மா. கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்து. மெதுவாக." அவ்வளவுதான் சொன்னார். இரண்டாவது முயற்சியில் வண்டி இடத்தில் நின்றது. அவர் மனைவி எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார். மறுநாள் காலையில் குளிர்பெட்டியை எரிவாயுவுக்கு மாற்றுவது எப்படி என்று அந்த அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் ரிவர்ஸ் எடுக்கும்போது என் கை தானாகவே அடிப்பக்கத்துக்குப் போகிறது.

அதனால் என்னைக் கேட்டால், "எந்த கிளப் நல்லது" என்பதைத் தள்ளி வை. இந்த ஆண்டு யாரோடு, எந்த வயலில் தூங்கப்போகிறாய் என்று யோசித்துப் பார். உன் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறை முழுக்க உன்னோடு இருப்பார்கள். மூத்தவனுக்குப் பதினொன்று ஆகிவிட்டது, வண்டிக்குள் படுக்க மாட்டேன், கூடாரம்தான் வேண்டும் என்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பில் கூடாரத்துக்கு இடம் தரும் தளங்கள் குறைவு. கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்பின் சான்றிதழ் வயல்களிலோ ஐந்து வண்டிகளோடு, இடம் இருந்தால், பத்துக் கூடாரங்கள் வரையும் போடலாம். நீ உள்ளே, அவன் வெளியே, நடுவில் பத்தடித் தூரம். நான் ஒன்பது ஆண்டாக கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பின் உறுப்பினர். அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். ஆனாலும் உனக்கு நான் சொல்வது கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு கிளப்பிலும் வட்டாரக் கிளைகள் உண்டு, வார இறுதிகளில் ஏதாவது ஒரு வயலிலோ பள்ளி மைதானத்திலோ கூடுவார்கள். கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்பில் அதற்குமேல் படகு ஓட்டுபவர்கள், மலை ஏறுபவர்கள், நாட்டுப்புற ஆட்டம் ஆடுபவர்கள் என்று தனித்தனிக் குழுக்களும் வைத்திருக்கிறார்கள். ஒளிப்படக் குழுவும் உண்டு. உன் கணவர் அந்தப் பழைய கேமராவை இன்னும் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார் அல்லவா? முழங்கால் அறுவைக்குப் பிறகு வீட்டோடு முடங்கிவிட்டார் என்று வருத்தப்பட்டாயே. போய்ப் பார்க்கச் சொல். அவர் காலுக்கு இரவில் ஈரப் புல்லில் நடப்பது ஆகாது. அதனால் முதல் இரண்டு பயணத்துக்குக் குளியலறையும் சரளைத் தளமும் இருக்கும் பெரிய தளமாகவே தேர்ந்தெடு. வயல் அதற்குப் பிறகு.

இதில் உனக்குக் கை நழுவுவது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பீக் மலைப்பகுதியில் சாட்ஸ்வொர்த் மாளிகையின் பழைய மதில் தோட்டத்துக்குள் இருக்கும் தளம் கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பினுடையது. லண்டனில் அபி வுட் தளமும் அவர்களுடையதுதான். தைப்பூசத்துக்கு நாங்கள் அங்கேதான் வண்டியைப் போடுவோம். எலிசபெத் லைன் ரயிலில் ஏறி வைட்சேப்பலில் மாறினால் மேனர் பார்க். இறங்கி நடந்தால் முருகன் கோயில். லண்டன் விடுதி வாடகை கொடுக்காமல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வருகிறோம். ஆண்டுக்கு ஒரு முறை என்றால் நீ கூடுதல் கட்டணம் கொடுத்தே அங்கே தங்கலாம். ஒரு ஆண்டு போகட்டும். எத்தனை இரவு எங்கே தங்கினாய் என்று ஒரு நோட்டில் எழுதி வை. அந்தக் கணக்கே இரண்டாவது சந்தா வேண்டுமா என்று சொல்லிவிடும். நானும் அப்படிக் கணக்குப் பார்த்துத்தான் போன ஆண்டு உனக்குச் சொல்லும் கிளப்பிலும் சேர்ந்தேன்.

கிளப்பைவிட அவசரமான ஒன்று இருக்கிறது, அதைக் கண்டிப்பாகச் செய். உங்கள் கார் 1,650 கிலோ என்று எழுதியிருக்கிறாய். புதியவர்கள் காரின் எடையில் 85 சதவீதத்துக்குமேல் இழுக்கக் கூடாது என்பது இரண்டு கிளப்புமே சொல்லும் அறிவுரை. அதாவது சாமானோடு சேர்த்து 1,400 கிலோ. கேரவன் கதவோரம் ஒட்டியிருக்கும் தகட்டில் உச்ச எடை இருக்கும், பார்த்துக்கொள். அரிசி மூட்டையும் இரும்புத் தோசைக்கல்லும் பின்கோடியில் வேண்டாம், அச்சுக்கு நேராகத் தரையில் வை. பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலையில் வண்டி வாலாட்டும். அதை அடக்குவது கடினம். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் காருக்கு மணிக்கு 60 மைல் என்றால், கேரவன் இழுக்கும் உனக்கு 50 மைல்தான்.

2021 டிசம்பருக்குப் பிறகு சாதாரணக் கார் உரிமத்திலேயே இழுத்துப் போகலாம், தனித் தேர்வு கிடையாது. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதே. இரண்டு கிளப்பும் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. நீயும் அவரும் சேர்ந்தே போங்கள், நீயும் ஸ்டியரிங்கைப் பிடி. அவர் முழங்கால் வலித்தால் யார் ஓட்டுவது?

சமையல் பற்றிக் கேட்டிருந்தாய். பெரிய தளங்களில் பெரும்பாலும் 16 ஆம்பியர் மின்சாரம் வரும். பண்ணையில் 10 அல்லது அதற்கும் கீழே இருக்கலாம். 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட். கெட்டிலையும் குக்கரையும் சேர்த்துப் போட்டால் மின்சாரம் போய்விடும், பண்ணைக்காரரை எழுப்ப வேண்டியிருக்கும். இட்லியை எரிவாயுவில் அவித்துவிடு. குளிர்காலத்தில் புரோப்பேன் உருளைதான் வேண்டும். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் நெருங்கினால் பியூட்டேன் ஆவியாகாது, அடுப்பு அணைந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மே மாதக் கடைசித் திங்கள் விடுமுறைக்கு வான்டேஜுக்கு வெளியே குன்றடிவாரத்தில் ஒரு பண்ணை வயலில் இரண்டு இடமும், பிள்ளைகளுக்கு ஒரு கூடார இடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அஃபிங்டன் வெள்ளைக் குதிரை இருக்கிறது, மலைச்சரிவில் சுண்ணாம்பால் வரைந்தது, மூவாயிரம் ஆண்டுப் பழையது. பேரப்பிள்ளைகள் ஓடி ஏறுவார்கள். அதுவும் கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்பின் சான்றிதழ் வயல்தான். உறுப்பினர் அட்டை இல்லாமல் பண்ணைக்காரர் உள்ளே விட மாட்டார், போன முறை என்னிடமே கேட்டுத்தான் வாங்கிப் பார்த்தார். அதனால் ஏப்ரல் முடிவதற்குள் சேர்ந்துவிட்டு உன் உறுப்பினர் எண்ணை எனக்கு எழுது. மாவு நான் அரைத்துக்கொண்டு வருகிறேன். நீ மல்லிச் சட்னிக்கு உன் அம்மியில் அரைத்த பொடியைக் கொண்டுவா. அம்மியைக் கொண்டுவராதே, எடைக் கணக்கு போய்விடும்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து சேருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே உன் வண்டியை நிறுத்திவிடலாம். நான் வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழி