புகைச் சான்று தரும்போது செக் என்ஜின் லைட்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புகைப் பரிசோதனை மையங்களில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி அவ்வப்போது செய்திகள் வருகின்றன. ஆனால் ஒளிவுமறைவின்றி, முறைப்படி நடத்தப்படும் பரிசோதனையிலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. டேஷ்போர்டில் செக் என்ஜின் லைட் எரிந்துகொண்டிருக்கும் ஒரு காரை அப்படியே மையத்துக்கு ஓட்டிச் சென்று, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றை வாங்கிக்கொண்டு திரும்பிவிட முடிகிறது. சைலன்சர் குழாய்க்குள் கருவியின் குழலைச் செருகும் ஊழியர் வண்டியின் பின்பக்கம் நிற்கிறார். முன்பக்கத்தில் மஞ்சளாக எரியும் விளக்கை எட்டிப் பார்க்கும் வழக்கமே இல்லை.

அந்த விளக்கு எதற்காக வைக்கப்பட்டது என்பதை நினைவுபடுத்துவது அவசியம். ஆயில் அளவையோ, பிரேக்கையோ குறித்து எச்சரிக்க வேறு விளக்குகள் இருக்கின்றன. புகையின் மாசைக் கூட்டக்கூடிய பழுது ஏதேனும் ஏற்பட்டால் அதை ஓட்டுநருக்குத் தெரிவிப்பதுதான் செக் என்ஜின் லைட்டின் முதன்மையான வேலை. நான்கு சக்கர வாகனங்களில் பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் எனப்படும் புகை மாசு விதிகளின் நான்காம் கட்டம்) காலத்திலேயே கட்டாயமாக்கப்பட்ட இந்தத் தற்சோதனை ஏற்பாடு, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகளின் வழியாக இருசக்கர வாகனங்களுக்கும் வந்துவிட்டது. ஆக்சிஜன் சென்சார், புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஆகியவற்றை வண்டி ஓடும் நேரத்திலேயே கண்காணிக்கும் ஒரு கம்ப்யூட்டரை, வாங்கும் விலையிலேயே நாம் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறோம். அது சொல்வதைக் கேட்காமல், நின்ற இடத்தில் சில நிமிடங்கள் எடுக்கும் அளவை மட்டும் நம்புகிறோம்.

அந்த அளவை எதைப் பார்க்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதுதான் என் கவலை. பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் கார் ஐட்லிங்கில், அதாவது நின்ற நிலையில் என்ஜின் மட்டும் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்குள்ளும் இருக்க வேண்டும். டீசல் வண்டியில் புகையின் அடர்த்தி மட்டுமே பார்க்கப்படுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் இரண்டிலுமே அளக்கப்படுவதில்லை. ஒரு டீசல் வண்டியில் வெளியேறும் வாயுவின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். கரும்புகையோ குறையக்கூட வாய்ப்புண்டு. கம்ப்யூட்டர் அந்தப் பழுதைக் கண்டுபிடித்து விளக்கை எரியவிட்டிருக்கும். பரிசோதனை மையமோ நல்ல அளவு என்று சான்று கொடுத்துவிடும். நம் நகரங்களின் காற்றில் ஓசோன் உருவாக மூலப்பொருளாக இருக்கும் வாயுவை, நம் பரிசோதனை கண்டுகொள்வதே இல்லை.

இதைவிட வருத்தம் தருவது, விளக்கை ‘அழித்துத் தரும்’ பழக்கம். சான்று புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போதோ, பழைய காரை விற்கும்போதோ, ஸ்கேனரைச் செருகி, கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டை அழிப்பதும், பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவதும் சாதாரணமாகிவிட்டன. பழுது அப்படியேதான் இருக்கும். சில நாட்களில் விளக்கு மறுபடி எரியும். அழிக்கும்போது குறியீடு மட்டும் போவதில்லை. பழுது தோன்றிய கணத்தில் என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, எந்த வேகத்தில் ஓடியது என்று கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கும் பதிவும் சேர்ந்தே போய்விடுகிறது. மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தடயம் அதுதான்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மாணவர்களுக்கு நான் காட்டிய ஒரு கார் நினைவுக்கு வருகிறது. குறியீடு பி0301, அதாவது ஒன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்; அங்கே பெட்ரோல் சரியாகப் பற்றி எரியவில்லை. முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாம் சிலிண்டரில் மாட்டி ஓட்டியபோது, குறியீடு பி0303 என்று மாறியது. பழுது காயிலில்தான் என்பது எந்த விலையுயர்ந்த கருவியும் இல்லாமல் தெரிந்துவிட்டது. இதே வண்டியில் குறியீட்டை மட்டும் அழித்துவிட்டு ஓட்டியிருந்தால், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய், அதை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுத்திருக்கும். காயிலின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகியிருக்கும். அதனால்தான் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து உடனே வண்டியைக் காட்ட வேண்டும் என்கிறோம். நிலையாக எரிந்தால் அவ்வளவு அவசரமில்லை, ஆனாலும் தள்ளிப்போடக் கூடாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இந்தப் பிரச்சினையை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 2000-ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தையவையுமான பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு அங்கே 2015 முதல் சைலன்சரில் குழல் செருகுவதே இல்லை. வண்டியின் கம்ப்யூட்டரோடு நேரடியாக இணைத்துப் பார்க்கிறார்கள். விளக்கு எரிந்தால் தேர்ச்சி கிடையாது. அழித்துவிட்டு வந்தால், தற்சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துவிடும். சில நாட்கள் நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிவிட்டுத்தான் திரும்ப வர வேண்டும். ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் குறியீடுகளையும் 2019 ஜூலை முதல் கணக்கில் எடுக்கிறார்கள்.

அந்த அளவுக்கு நாம் நாளைக்கே போக முடியாது என்பதை அறிவேன். இணைப்புக் கருவி, பயிற்சி, மென்பொருள் எல்லாம் தேவைப்படும். ஆனால் ஒன்றை உடனே செய்யலாம். சோதனையின்போது வண்டியைக் காணொளி எடுத்துப் பதிவேற்றும் முறை தமிழ்நாட்டில் 2024-இல் வந்தது. அதே கைப்பேசியில் டேஷ்போர்டையும் எடுக்கச் சொல்லலாம். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிய வேண்டும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால், விளக்கை யாரோ துண்டித்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

விளக்கு எரிகிறது என்பதற்காகச் சான்றை அங்கேயே மறுத்துவிடக் கூடாது என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். சான்று இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அன்றாட ஓட்டத்தில் வாழும் டாக்சி ஓட்டுநரை அப்படி நிறுத்துவது நியாயமாகாது. பழுது நீக்க ஒரு மாத அவகாசம் கொடுத்து, அதைச் சான்றிலேயே குறித்து, பழுது நீக்கிய பணிமனையின் ரசீதில் குறியீட்டு எண்ணும் மாற்றிய பாகமும் எழுதப்பட வேண்டும் என்று போக்குவரத்துத் துறை ஆணையிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் வாகனத் தொழிற்பிரிவுப் பயிற்றுநர்,
சேலம்.